டிவிப் பொட்டிக்குள்ள அடைக்கோழி

எனக்குக் கோவம் மூக்கு நுனியில நிக்குமுங்க. கம்பெனி வேலைக்கு லாயக்கில்லைன்னு ஆனப்புறம், எலப்புள்ளியில ஊட்டு முன்னால ஷெட்டுப் போட்டுப் பழைய டிவி சரி பண்ணிட்டு இருக்கறேன். என்ற பேரு பூபதிராஜா. டிவி எதுத்துப் பேசாது, அந்த மட்டுக்கும் நிம்மதி.

பழைய டிவின்னா நான் பாப்பேன்னு கேள்விப்பட்டு, ஆசீர்வாதம் அண்ணன் மூணாறுப் பக்கம் சூரியநெல்லியில இருந்து ஜீப்புல ஒரு டிவியக் கொண்டாந்து எறக்குனாரு. கறுப்பு வெள்ளை, மரப்பொட்டி, இழுத்துச் சாத்தற கதவு. எஸ்டேட்டுல அவரு குடியிருக்கற லயத்துல, அதான் அந்த வரிசை ஊடுகள்ல, பன்னண்டு குடும்பமும் சேந்து வாங்குனதாம். ரொம்ப வருசமா எரியாமக் கெடந்துருக்குது.

"எஸ்டேட்டுல சர்வீசு முடிஞ்சிட்டு தம்பி. லயத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாவ. பதினஞ்சு நாளு தவணை"ன்னாரு. "போறதுக்கு முன்னால ஒரு சாயங்காலம் எல்லாத்தையும் கூட்டி உக்கார வச்சி இதப் போட்டுக் காட்டணும். மக வீட்டுக்குப் போயிட்டா அப்புறம் எவன் வரப் போறான்?"

பின்னால கழட்டிப் பாத்தா ஈ.எச்.டி. கருகிக் கெடந்துச்சு. பிக்சர் ட்யூப்புக்கு ஆயிரக்கணக்குல வோல்ட் அனுப்பற சாமான் அது. அது போச்சுன்னா சத்தம் வரும், படம் வராது. "பாத்துக்கலாமுங்கண்ணா"ன்னு வாய விட்டுட்டேன். உக்கடத்துப் பழைய சாமான் கடை பூராச் சலிச்சேன். சென்னைக்குப் போன் போட்டா, கேக்கறவன் சிரிக்கறான். அஞ்சு நாள் போச்சு.

ஆறாவது நாள் வேலந்தாவளம் சந்தையில ஒரு மாட்டு ஏவாரி சொன்னாரு, "அதே மாதிரி கதவு வெச்ச டிவி வள்ளியாத்தாக்கா தோட்டத்துல கெடக்குது போங்க." வண்டிய முறுக்குனேன்.

கெடந்துச்சு, மாட்டுக் கொட்டாயில. ட்யூப்பு இருந்த எடத்துல வைக்கோல். வைக்கோல் மேல கோழி. அடையில உக்காந்து ஒம்பது நாளாச்சாம்.

"அத எழுப்பிராதீங்க தம்பி"ன்னாங்க வள்ளியாத்தாக்கா. "இன்னும் பன்னண்டு நாள். குஞ்சு எறங்கட்டும், பொட்டியோட தூக்கீட்டுப் போங்க."

"எனக்கு ஒம்பது நாள்தானுங்க்கா இருக்குது! முட்டைய ஒரு கூடைக்கு மாத்தீரலாமுங்க."

"எடத்த மாத்துனா இந்தச் சனியன் உக்காராது. அத்தனையும் கூமுட்டையாப் போயிரும். அடையில இருக்கறதக் கலைக்கறதாவது! வாயில்லாச் சீவனுங்க."

"வாயுள்ள மனுசன் ஒருத்தரு அங்க காத்துட்டு இருக்காருங்க்கா!"

கத்தித்தான் சொன்னேன். கோழி ஒரு கண்ணச் சாச்சு என்னையப் பாத்துச்சு. அக்காளும் அதே மாதிரிதான் பாத்தாங்க.

கடைசில எறங்கி வந்தாங்க. "உச்சிப்பொழுதுக்கு ஒருக்கா எந்திரிச்சு எரை பொறுக்கப் போவும். கால் மணி நேரம். அதுக்குள்ள என்ன புடுங்கறீங்களோ புடுங்கிக்குங்க. முட்டை மேல கை படக் கூடாது."

போர்ட மொத்தமாக் கழட்டலாம்னா, அடி ஸ்க்ரூ எல்லாம் முட்டைக்குக் கீழ. பின்பக்கமாக் கைய விட்டு, ஈ.எச்.டி.யோட பத்துக் காலையும் ஒவ்வொண்ணா ஈயம் உருக்கித்தான் எடுக்கோணும். மொத நாள் எச்சத்தச் சொரண்டறதுக்கே நேரம் சரியாப் போச்சு. ரெண்டாம் நாள் மூணு காலு. ஒரு சொட்டு ஈயம் முட்டை மேல உழுந்தராம அட்டைய மறைச்சுப் புடிச்சுக்கிட்டேன். மூணாம் நாள் மழை, கோழி எந்திரிக்கவே இல்ல. சிக்னல்ல ஒரு நிமிசம் நிக்க மாட்டாதவன் நானு, மாட்டுக்குப் பக்கத்துல பொழுதுக்கும் உக்காந்திருந்தேன். நாலாம் நாள் அது சீக்கிரமாத் திரும்பி வந்து என்ற புறங்கையில ஒரே போடு, ரத்தம். நல்லா நாலு வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. முட்டையப் பாத்துட்டு முழுங்கீட்டேன்.

ஆறாம் நாள் சாமான் கையோட வந்துச்சு. அண்ணன் டிவியில மாட்டி, அதுல எலி கடிச்சிருந்த ஒயருக்குப் பதிலா என்ற பைக்கோட ப்ளக் ஒயரப் போட்டேன். ட்யூப்புல வெளிச்சம் ஏறுனப்ப, ஷெட்டுல ஒத்தை ஆளா நின்னு கைதட்டுனேன்.

பதினாலாவது நாள் சாயங்காலம் சூரியநெல்லி. ஊட்டுக்குள்ள மூட்டையும் கட்டுமா இருந்துச்சு. செட்டாப் பாக்ஸுக்கும் டிவிக்கும் நடுவுல, பழைய டிவிக்குத் தக்கன சிக்னல மாத்தற ஒரு சின்னப் பொட்டிய மாட்டிப் படத்த வரவெச்சேன். லயமே வந்து குந்திருச்சு. பொடுசுங்க "கலரே இல்ல"ன்னு சிரிச்சுதுங்க. பெருசுங்க அவங்கவங்க பழைய எடத்தப் பாத்து, சண்டை போட்டு உக்காந்தாங்க. ஆசீர்வாதம் அண்ணன் டிவியப் பாக்கல, அவங்களத்தான் பாத்துட்டே நின்னாரு. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

"சாமான் எங்கன தம்பி கெடச்சிது?"ன்னு கேட்டாரு. கோழிக் கதைய ஆட்டத்தோட சொன்னேன். அத்தனை பேரும் வயித்தப் புடிச்சுட்டுச் சிரிச்சாங்க. அண்ணன் சம்சாரம் சந்தனமேரியக்காளுக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

"அப்போ அந்தக் கோழிக்கு மொத்தம் இருவத்தியொரு நாளா தம்பி?"

"ஆமாங்க்கா."

"அதுவரைக்கும் ஒருத்தரும் எழுப்ப மாட்டாவளா?"

"மாட்டாங்க்கா."

"நமக்குப் பதினஞ்சுல்லா குடுத்தாவ"ன்னு அண்ணனப் பாத்துச் சாதாரணமாத்தான் சொன்னாங்க.

சிரிப்பு நின்னு போச்சு. அண்ணன் போய் டிவிச் சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வெச்சாரு. எனக்கு ஆத்திரம் பொங்கிக்கிட்டு வந்துச்சுங்க. கத்தறதுக்குத்தான் எதுக்க ஆளில்ல.

அடுத்த நாள் காலைல சாமானெல்லாம் ஜீப்புல ஏறுச்சு. டிவிய ஏத்த நானும் ஒரு கை புடிச்சேன். கோழிக்கு இன்னும் மூணு நாள் இருந்துச்சு.