அப்பா யோசிக்காமல் சொன்ன சரி

அண்ணன் லேப்டாப்பில் ஒலிப்பதிவை ஓடவிட்டான்.

"அப்பா, வீட்ட வித்துடலாமா?" இது அவன் குரல்.

"சரிப்பா." இது அப்பா.

"கேட்டியா? சாகறதுக்கு முன்னாடி அவரே சொல்லிட்டார். கையெழுத்தப் போடு."

எனக்குச் சுருக்கென்றது. அண்ணனின் தொழில் படுத்துவிட்டது. வீட்டை விற்றால் அவன் நிமிர்ந்துவிடுவான். முன்னறையில் இருக்கும் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு நான்தான் நடுத்தெருவில் நிற்க வேண்டும். அதுகூடப் போகட்டும். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாலே கூரையைப் பார்த்து யோசித்துவிட்டுப் பதில் சொல்கிற மனிதர், தான் கட்டிய வீட்டைப் பட்டென்று கொடுத்துவிட்டாராம். யார் காதில் பூச்சுற்றுகிறான்?

"வேற எதுக்கோ சொன்ன சரிய வெட்டி ஒட்டியிருக்க" என்றேன். பாட வீடியோக்களை வெட்டி ஒட்டுவதுதான் அவன் பிழைப்பு.

"சத்தியமா நான் வெட்டல. குரல் கம்மியா இருந்துச்சு, சாஃப்ட்வேர்ல போட்டு ஏத்தினேன்."

"சாஃப்ட்வேர் வேற என்னல்லாம் பண்ணும்?"

"அது சும்மா பதியும். மத்ததுக்கெல்லாம் ப்ளக்-இன் சேக்கணும். பட்டன் ஓட்டை போட உன் மெஷின்ல தனியா ஒண்ணு மாட்டுவியே, அந்த மாதிரி. இரைச்சல எடுக்க ஒண்ணு, குரல ஏத்த ஒண்ணு, வாத்தியாருங்க பேசாம நிக்கிற இடத்த வெட்ட ஒண்ணு..."

சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"மாட்டினதக் கழட்டினியா?"

அவன் முழித்தான். கழற்ற மறந்து நானும் சட்டைகளைப் பாழாக்கியிருக்கிறேன். ஆனாலும் அந்த முழி எனக்குப் பிடிக்கவில்லை.

"வெட்டாதத போடு."

"போன்ல இருக்கு. வேணாம், விடு."

விடுவேனா? பிடுங்கி நானே தட்டினேன்.

"வீட்ட வித்துடலாமா?" என்ற கேள்விக்குப் பிறகு மின்விசிறி மட்டும் ஓடியது. அப்பா யோசிக்கிறார். என் அப்பாவேதான். கொஞ்ச நேரத்தில் அடக்கி அடக்கி ஒரு விசும்பல். அழுவது அப்பா என்று பதறினேன். இல்லை, அண்ணன். கட்டில் கிறீச்சிட்டது. முதுகில் மெதுவாகத் தட்டிக்கொடுக்கும் சத்தம். அப்புறம்தான் "சரிப்பா."

"இது வீட்டுக்குச் சொன்ன சரி இல்லண்ணா. நீ அழுததுக்குச் சொன்னது."

"தெரியும்" என்றான், தலை நிமிராமல். "நான் வெட்டல. அதுவா வெட்டினது எனக்கு வசதியாப் போச்சு. அப்படியே விட்டுட்டேன்."

பேனாவை மெல்ல என் பக்கம் தள்ளினான்.

"இப்ப நான் கேக்கறேன். வித்துடலாமா?"

நான் கூரையைப் பார்த்தேன்.