மார்க்கண்டுவின் உழவு முறை

“அம்மா, மார்க்கண்டு அப்புவுக்குக் காது கேளாதெண்டு கொம்பியூட்டருக்கு ஏன் சொல்லுறீங்கள்?” என்று உதயகலாவின் மகள் ஒருநாள் கேட்டாள்.

கொடிகாமத்து விவசாயிகளுக்கு உழவு இயந்திரத்தை முறைவைத்து அனுப்ப, உதயகலா விவசாயச் சங்கத்தின் ஒற்றைக் கணினியில் மென்பொருள் எழுதிய காலம் அது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்தாள். மார்க்கண்டுவுக்கு: ‘காது கேளாது. போன் வேண்டாம். பக்கத்து வீட்டு றோஸிடம் சொல்லவும்.’

எட்டு வருடங்களுக்குப் பின், மாகாணம் முழுவதும் பாவிக்கும் இணையத்தளமாக அதைத் திருப்பிக் கட்டும் வேலை நல்லூரில் கஜானனின் நிறுவனத்துக்குப் போனது. கஜானன் குறிப்புகளை எடுத்துவிட்டான். முறை வந்தால் கைபேசிக்குச் செய்தி போகும். இரண்டு மணித்தியாலத்தில் பதில் இல்லையென்றால் முறை அடுத்தவருக்கு.

மார்க்கண்டுவின் முறை அப்படித்தான் போனது. விதைநெல்லோடு அவர் காத்திருக்க, மூன்றாம் நாள் மழை கொட்டியது. காய்ந்த மண்ணில் செய்யும் புழுதி விதைப்பு தவறியது.

உதயகலா கஜானனின் அலுவலகத்துக்குள் புகுந்து கத்தினாள். “தம்பி, வாசிக்கத் தெரியாத மனுசன் உமக்குப் பதில் அனுப்பவேணுமோ?”

“அக்கா, நாற்பதாயிரம் பேர் வரப்போகினம். எல்லாற்றை வீட்டுக்கதையையும் சேர்வரிலை வைச்சிருக்கேலுமே? உங்கடை பழைய புரோகிராமிலை ஒண்டைத் தொட்டா ஒன்பது இடத்திலை உடையுது!”

“உடையட்டும். அது எட்டு வருசத்திலை ஒருத்தரையும் கைவிடேல்லை.”

பின் மேசையில் வேலை செய்துகொண்டிருந்த ஊழியர் பிரதீபா சிரிப்பை அடக்கவில்லை. “கஜானன் அண்ணைக்கும் ஒரு குறிப்புப் போடுவம்: காது கேக்கும், சொன்னாக் கேளார்.”

“வேலையைப் பார்!” என்று அவன் சீறினான்.

வீடு திரும்பும் வழியில் உதயகலா பிள்ளையார் கோயிலடியில் நின்றாள். கடுஞ்சொல்லுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்க நினைத்தாள், கேட்கவில்லை. ஏழைக்காக வந்த கோபம் அவருக்கும் இருக்கும்.

நிலம் காய்ந்தது. அடுத்த மழைக்கு முன் உழாவிட்டால் மார்க்கண்டுவுக்கு இந்தப் போகம் இல்லை. முறைகளோ எல்லாம் நிரம்பியிருந்தன.

ஞாயிறு காலை, ஆளில்லாத அலுவலகத்தில் கஜானன் பழைய குறிப்புகளைப் புதிய தளத்தில் ஏற்றினான். ‘மனைவி செத்த வீடு, ஐப்பசி வரை அவசரப்படுத்த வேண்டாம்’ என்றிருந்த இடத்தில் சற்று நின்றான். பிறகு மிருசுவிலில் தன் பத்துப் பரப்பு வயலுக்கு வியாழக்கிழமைக்குப் பதிந்திருந்த முறையைத் திறந்து, தன் பெயரை அழித்து மார்க்கண்டு என்று எழுதினான்.

‘மாற்றத்துக்குக் காரணம்?’ என்று தளம் கேட்டது.

வெறுமையாகவே விட்டுச் சேமித்தான்.