சூடு சொரணை

கருகும் வாசனை முதலில் எட்டியது பக்கத்து மேசைக்காரிக்குத்தான். "ஏதோ துணி தீயுது பாரு" என்று மூக்கைச் சுளித்துத் திரும்பியவள் அலறிவிட்டாள். தீய்ந்தது துணியில்லை. நம் இஸ்திரிக்காரியின் இடது முன்கையில் இஸ்திரிப் பெட்டியின் ஓரம் சாய்ந்திருந்தது. அவள் பாட்டுக்கு வலது கையால் சட்டைக் காலரை நீவிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சலவைக் கடையில் அவளுக்கு நல்ல பெயர். மற்றவர்கள் துணியைச் சுற்றிப் பிடிக்கும் பெட்டியை அவள் வெறுங்கையால் நகர்த்துவாள். "இது கையா, இரும்பா?" என்று முதலாளி மெச்சுவார். மெச்சுவதோடு சரி. அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். புருஷன் விட்டுப்போய் அண்ணன் வீட்டில் ஒண்டிக்கிடப்பவளுக்குப் பெருமைப்பட வேறென்ன இருந்தது? அங்கே அண்ணி தினம் ஒரு தடவையாவது ஆரம்பித்துவிடுவாள்: "சூடு சொரணை உள்ளவ இப்படி வந்து உக்காந்திருப்பாளா?"

தோல் டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடுவேன், தொட்டதும் சொல்லுங்கள் என்றார். அவள் காத்திருந்தாள். எப்போது ஆரம்பிப்பீர்கள் என்று கேட்க வாயெடுத்தபோது, "கண்ணத் தொறங்கம்மா, முடிஞ்சுது" என்றார்.

"இந்தத் தேமல்ல வேர்வை வருதா?"

முழங்கைக்கு மேல்வரை வெளுத்துப் படர்ந்திருந்ததை அவள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. யோசித்துப் பார்த்தாள். அந்த இடம் எப்போதும் உலர்ந்தே இருந்தது.

"மேல்தோல் வெறும் போர்வைம்மா. சூடு, குளிர், குத்து, தடவல், எல்லாத்தையும் உள்ள சொல்றது கீழ இருக்கற நரம்பு. அது இங்க கெட்டுப்போச்சு. இது தொழுநோய். பயப்படாதீங்க, மாத்திரையில குணமாகும். தொட்டா ஒட்டாது. போன உணர்ச்சி திரும்புமான்னுதான் சொல்ல முடியாது."

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொன்னாள். பைத்தியக்காரி. கை மரத்துப்போனது என்றதும் அண்ணன் சிரித்தான். "உங்க அண்ணி வாக்கு பலிச்சிடுச்சு. சூடு சொரணை இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டாரு." நோயின் பெயரைச் சொன்னபோது அந்தச் சிரிப்பு முகத்திலேயே உறைந்தது. பொழுது சாய்வதற்குள் அவள் தட்டும் பாயும் பின்கட்டுக்குப் போய்விட்டன.

"தொட்டா ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னாரு அண்ணி."

"அவருக்கென்ன, கையுறை மாட்டிக்கிட்டுத்தானே தொட்டிருப்பாரு?"

மாட்டிக்கொண்டுதான் தொட்டார்.

தட்டும் பாயும் போனதில் அவளுக்கு வருத்தமில்லை. அண்ணன் மகள் குட்டி இருக்கும் வீட்டில் ஒரு மூலை கிடைத்தால் போதும். பெற்றது அண்ணி என்றாலும் குட்டியை வளர்த்தது இவள்தான். அண்ணன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "குட்டியத் தொடாம இருந்தா இருந்துக்க. தொட்டேன்னா அன்னைக்கே கெளம்பிடணும்."

அவள் தொடவில்லை. குட்டி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், கூப்பிட்டால் காது கேளாதவள்போல் இருந்தாள். குழந்தைக்கு என்ன புரியும்? அத்தைக்குத் தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டது.

ஒரு மத்தியானம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் அண்ணியின் அலறல். திரும்பினால், குட்டி அவளை ஒட்டி நின்றிருந்தது.

"சத்தியமா நான் தொடலைண்ணே," என்றாள், ஓடிவந்த அண்ணனிடம்.

"உன் கையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. தெரியலைங்கிறியா?"

"தெரியலைண்ணே."

"கேட்டீங்களா கதைய!" என்ற அண்ணி, குட்டியைத் தரதரவென்று குழாயடிக்கு இழுத்துப் போனாள். அடுப்பிலிருந்த வெந்நீரை அப்படியே வாளியில் கொட்டும் சத்தம் கேட்டது. "சுடுதும்மா, சுடுதும்மா" என்று குட்டி கதறியது. "சுடட்டும்."

அவள் எழுந்து ஓடினாள். அண்ணன் கதவை மறித்து நின்றான். அவளுடைய துணிப்பையை எடுத்து வாசலில் வைத்தான்.

உள்ளே அழுகை நிற்கவில்லை. வாசலில் நின்றபடி அவள் வலது கையால் இடது கையைத் தடவிப் பார்த்தாள். முழங்கைக்கு மேலே, வெளுத்த இடத்தில், விரலுக்கு ஈரம் பட்டது. குட்டி முத்தம் கொடுத்திருக்கிறாள்.