இருபத்தேழு கிலோ

“இதை ஒத்த ஆளா தூக்கிடுவீங்களா?”

ஏழு மாதத்துக்கு முன் கப்பல்காரர் அவளிடம் கேட்டது. பாய்மரப் படகில் கடல் கடலாகச் சுற்றக் கிளம்புகிற மனிதருக்குச் சித்தப்பா வைத்த பெயர் அது. படகை நங்கூரமிட்டுவிட்டுக் கரைக்கு வந்துபோக, டிங்கி என்கிற காற்றடைத்த சிறு படகு ஒன்றும் அதற்கொரு மோட்டாரும் அவருக்கு வேண்டியிருந்தன. சித்தப்பாவின் கடையில் மோட்டார்களைத் துடைத்து வைப்பது அவள் வேலை.

“தினம் சாயங்காலம் மோட்டாரைக் கழட்டிப் படகுல ஏத்தணும். ஏறுறவங்கள்ல யாருக்குப் பலம் கம்மியோ, அவங்க தூக்குற எடைதான் சரியான எடை” என்றார்.

இருபத்தேழு கிலோ இருந்த ஆறு குதிரைசக்தி மோட்டாரை அவள் தூக்கிப் பார்த்தாள். ஒரு சாண் எழும்பி, தொப்பென்று தாங்கியிலேயே உட்கார்ந்தது.

“சரி, வந்து பாக்குறேன்” என்று சிரித்துவிட்டுப் போனார்.

பலம் குறைந்த அந்த ஆள் யாரென்று அவள் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விக்குள்ளேயே, தன்னையும் அந்தப் படகில் ஏற்றிவைத்து, ஏழு மாதம் குடியிருந்தாள். தினமும் சித்தப்பா வருமுன் மோட்டாரை ஒரு தாங்கியிலிருந்து எதிர்த் தாங்கிக்கு மாற்றினாள்.

“இதுக்கென்ன கால் முளைச்சிருக்கா? நேத்து அங்க இருந்துச்சே” என்பார் சித்தப்பா.

இன்று கப்பல்காரர் வந்தார். அலுமினியத் தரை போட்ட டிங்கியைத் தேர்ந்தெடுத்து வண்டியில் ஏற்றியாயிற்று. மோட்டார் பக்கம் அவர் திரும்பியதும், கேட்குமுன்பே அவள் தூக்கினாள். எதிர்த் தாங்கியில் பூப்போல இறக்கினாள்.

“அடேங்கப்பா. அப்ப எங்கக்காவும் தூக்கிடுவா. உங்க உடம்புவாகுதான். நாங்க ரெண்டே பேர்தான் போறோம். இதையே குடுத்துடுங்க.”

“சித்தப்பன் வீட்டுச் சோறு சார், சும்மாவா?” என்று சித்தப்பா கயிறு எடுக்கப் போனார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வியாபாரம் முடிந்துவிடும். ஆனால் பார்த்தேயிராத அந்த அக்கா, ஆடுகிற டிங்கியில் இருபத்தேழு கிலோவை அணைத்தபடி நிற்பது அவள் கண்ணில் நின்றது.

“வேணாம் சார். இது நான் பழகினது. ஏழு மாசமா தினம் தூக்குறேன். அக்காவுக்கு அந்தச் சின்னது போதும், பதினேழு கிலோ. வேகம் கம்மிதான், ஆனா கரை சேத்துடும்.”

“ஏழு மாசமாவா? எதுக்குடி?” என்றார் கயிற்றோடு திரும்பிய சித்தப்பா.

அவள் ஏற்கெனவே துடைத்த கைப்பிடியைத் துடைத்தாள். கப்பல்காரர் காய்த்துப்போன அவள் உள்ளங்கைகளையே சற்று நேரம் பார்த்தார். பிறகு சின்ன மோட்டாரைத் தோளில் ஏற்றிக்கொண்டு, போன தடவை சொன்ன “வந்து பாக்குறேன்”கூட இல்லாமல் படியிறங்கிப் போனார்.