பாயின் கைமணம்

என் வீட்டுக்காரர் நூர் முஹம்மது இறந்து இருபதாம் நாள், குளக்கரைக் கடைக்காரர் சுவாமிநாதன் லஸ்ஸில் ட்ராமை விட்டு இறங்கி நடந்தே வந்து, திரைக்கு வெளியே நின்றார். எங்கள் ஊதுபத்தியை மொத்தமாக எடுப்பவர் அவர் ஒருவர்தான்.

"பாய் போனது பெரிய நஷ்டம்மா. அந்தக் கைமணம் இனி யாருக்கு வரும்? இந்தச் சரக்கோட நிறுத்திக்கலாம்னு பார்க்கறேன்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளுவது போலத்தான் இருந்தது. புருஷன் போனதற்கே நான் இன்னும் அழவில்லை. இந்த ஆர்டரும் போனால் என் இரண்டு பெண்களும் பட்டினி என்பது மட்டும் தெரிந்தது.

பதினெட்டு வருஷமாக வாசனை கலந்தது நான். சுமந்துபோய்ப் பேர் வாங்கியது அவர். இப்போது கலந்து காட்டலாமென்றால் நான் இத்தாவில் இருக்கிறேன். புருஷன் போனவள் நாலு மாதம் பத்து நாள் வாசனைப் பொருளைத் தொடக்கூடாது. ஊர் வாய் கிடக்கட்டும், எனக்கே மனசு வராது.

"ஐயா, நாங்க இதுவரைக்கும் செய்யாத வாசனை ஒண்ணு கேளுங்க," என்றேன்.

"தாழம்பூ," என்றார்.

எங்களிடம் பத்தி உருட்டும் ஜானுவை அவர் எதிரிலேயே உட்காரவைத்தேன்.

"தாழம்பூத் தைலம் ஆறு சொட்டு, சந்தனம் ரெண்டு. மோந்து சொல்லு."

"மண்டைல ஏறுதுக்கா."

"வெட்டிவேர் ஒரு சொட்டு விடு. இப்ப?"

"மழ பேஞ்ச தாழ வேலியாண்ட நிக்கிற மாதிரி கீது."

"போதும். கரிமாவுல பிசைஞ்சு தணல்ல போடு."

புகை உள்ளே வந்தது. நான் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டேன்.

"பேஷ்!" என்றார் சுவாமிநாதன். "பாய் நன்னாத்தான் பழக்கி வெச்சிருக்கார். ஆனா அவர் சொல்லிக்குடுத்த வரைக்கும்தானே இதெல்லாம்?"

"அவருக்கு மூக்கே கிடையாது ஐயா! கல்யாணத்துக்கு முன்னாடி வந்த ஜுரத்துல போச்சு. மல்லிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது. உங்க கடைல மோந்து மோந்து தலையாட்டினாரே, அது நான் சொல்லிக்கொடுத்த வேஷம்."

வெளியே அவர் புகையை இன்னொரு தரம் இழுத்து மோக்கும் சத்தம் கேட்டது. அப்புறம், தை மாதத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு பங்கு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜானுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இன்னாக்கா, செத்த மன்சன் மானத்த இப்டி வாங்கிட்டியே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. சாகும்போது அவர் என் கையைப் பிடித்துக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அஸ்மத், மூக்கு விஷயம் மட்டும் யாருக்கும் தெரிய வேணாம்."

இருபது நாள்தான் காப்பாற்றினேன்.