ஜன்னல் சீட்டின் மஞ்சள்

காலையில் எழுந்தேன். போர்வையை மடித்தேன். பல் துலக்கிவிட்டு காபி போட்டேன். சாப்பாட்டு மேசையைத் துடைத்து, சீட்டுக்கட்டைக் கலைத்து, எனக்கும் எதிர் நாற்காலிக்கும் ஏழேழு சீட்டு போட்டேன்.

இந்த ஆட்டத்தை உருவாக்கியவள் என் மனைவி. சாவி, குடை, நாற்காலி, ஜன்னல் என்று நான்கு இனம். எல்லாச் சீட்டும் அவள் வரைந்தவை. இரண்டு பேர் ஆட வேண்டிய ஆட்டம். தனியாக ஆடுவதற்கு அவள் விதி எதுவும் எழுதவில்லை. அதனால் என் கையை ஆடிவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றிப் போய் உட்கார்ந்து, அவள் கையையும் நானே ஆடுகிறேன். பெரும்பாலும் அவள்தான் ஜெயிக்கிறாள்.

அச்சடிப்பதற்காக முதலில் ஒரு சின்ன அச்சகத்தில் மாதிரிக்கட்டு கேட்டிருந்தோம். அவள் போன பிறகு பெரிய அச்சகம் ஒன்றிலும் வாங்கினேன். நல்ல பளபளப்பு. விசிறினால் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் அவள் பக்கத்துச் சீட்டுகளை மரத் தாங்கியில் நிறுத்தி வைத்தால், அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வரும் காலை வெயிலில் முதுகு வழியாகவே படம் தெரிந்தது. எதிராளி நானே என்றாலும் அது சரியில்லை. இன்று அந்தக் கட்டை உறையில் போட்டு மூடினேன்.

மச்சான் போன் செய்தான். அவள் தம்பி.

“மாமா, இன்னைக்காவது முடிவு பண்ணுவீங்களா? அக்கா இருந்திருந்தா இந்நேரம் உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா.”

“சின்ன அச்சகம்தான். இப்போ கிளம்புறேன்.”

“அப்பாடா!” என்றான். அப்புறம் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்தான்.

அச்சகத்தில் மை வாசனையும் வெட்டும் இயந்திரத்தின் சத்தமும் இருந்தன. முதலாளி என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“வாங்க சார். பொண்ணு பார்க்கப் போனப்பகூட நீங்க இவ்வளவு யோசிச்சிருக்க மாட்டீங்க.”

“ஆமா. ஒரு தடவைதான் பார்த்தேன்.”

அவருக்கு எதுவும் தெரியாது. தாள் அதுவே போதும், ஓரங்கள் சரி, முதுகுப் பக்கம் சரி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஜன்னல் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இந்த மஞ்சள்தான் சார். ஃபைல்ல இருக்கிற மாதிரியே அடிக்கட்டுமா, கொஞ்சம் குறைக்கட்டுமா? மெஷின் ஓட ஆரம்பிச்சா அப்புறம் மாத்த முடியாது.”

சீட்டை வாசலுக்கு எடுத்துப் போனேன். வெளிச்சத்தில் பிடித்தேன். நிழலில் பிடித்தேன். மஞ்சளாக இருந்தது. அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

“வீட்டுல யாரையாவது கேட்கணுமா சார்?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இந்த அச்சகத்தின் கட்டு வீட்டுக்கு வந்த அன்று மதியம், அவள் என் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகவில்லை. அவளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரிக்கு நேராகப் போனேன். அங்கே அவள் பேசவில்லை. மதியம் போனில் சொன்னது இவ்வளவுதான்:

“மஞ்சள் கொஞ்சம் தூக்கலா இருக்கு. இல்ல, எனக்குத்தான் அப்படித் தெரியுதோ என்னவோ. நீ வா, ஜன்னல்கிட்ட வச்சு ரெண்டு பேருமா பார்ப்போம்.”