பட்டிமன்றத்துக்கு மைக் கட்டியவன்

மேடைக்கு முன்னால் முட்டி போட்டுக் குனிந்து, கருத்தக்கண்ணன் ஒயரைச் சமுக்காளத்துக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான். பட்டிமன்றத்தில் பேச வருகிறவர்கள் நின்ற இடத்தில் நிற்க மாட்டார்கள். கையை வீசுவார்கள், எதிரணியைப் பார்த்துப் பாய்வார்கள். காலில் ஒயர் தட்டி எவராவது விழுந்து வைத்தால் பழி மைக் செட்காரன் தலையில்தான் விடியும். ஒயரின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டு எழுந்தான். இடுப்பு பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் இந்த வேலையை மகன் அழகுபாண்டி செய்வான்.

தல்லாகுளத்தில் ஒரு மண்டபத்தில் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு விழா அது. மேடையில் பேனர் தொங்கியது. 'போதைப்பொருளைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவருக்குத் தேவை தண்டனையா? சிகிச்சையா?' டிவியைத் திறந்தால் இந்தப் பேச்சாகத்தான் கிடந்தது. சட்டத்தை மாற்று என்று ஒரு கூட்டம், மாற்றினால் நாடு குட்டிச்சுவர் என்று ஒரு கூட்டம். மதுரையில் எந்தச் சண்டையும் கடைசியில் பட்டிமன்றத்துக்குத்தானே வந்தாக வேண்டும்!

"உள்ள பாக்ஸ் மட்டும் போதும். மரத்துல கட்டுன குழாய் ஸ்பீக்கர் இறைவணக்கம் வரைக்குந்தான். பேச்சு ஆரம்பிச்சதும் அமத்திரணும், என்ன? அக்கம்பக்கத்துல பரீட்சைக்குப் படிக்கிற புள்ளைக இருக்கு" என்று சங்கச் செயலாளர் சூரியபிரகாஷ் சொல்லிவிட்டுப் போனார்.

"சரிங்க சார்" என்றான் கருத்தக்கண்ணன். அவன் கண் வாசலிலேயே இருந்தது.

ஸ்ரீராம்குமார் காரிலிருந்து இறங்கினார். வங்கி அதிகாரி. பொழுதுபோக்காகப் பட்டிமன்றம் பேசுகிறவர். பட்டுச் சட்டையில் இஸ்திரி மடிப்பு கலையவில்லை. இன்றைக்கு அவர் சிகிச்சை அணித் தலைவர். கருத்தக்கண்ணன் வேட்டியை இறக்கிவிட்டு ஓடினான்.

"வணக்கம் சார். அந்தக் கையெழுத்து..."

"ஞாபகம் இருக்கு கருத்தக்கண்ணன். பேசி முடிச்சிட்டு வரேன். மைக் நல்லா இருக்கணும், எனக்குக் கொஞ்சம் கனமா வரணும்."

"கோயில் மணி மாதிரி வரும் சார்."

சொன்னபடியே ஆம்ப்ளிஃபயர் குமிழ்களைத் திருகி அவருக்குத் தோதாக வைத்தான். வைக்கும்போதே வயிறு எரிந்தது. இருந்தும் என்ன செய்ய, காரியம் அவர் கையில் இருந்தது.

சித்திரைத் திருவிழா முடிந்து, அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம். ஆற்றுப் பாலத்துக்குக் கீழே இரண்டு பையன்களைப் போலீஸ் பிடித்தது. ஒருவன் அழகுபாண்டி. இன்னொருவன் ஸ்ரீராம்குமாரின் மகன் ஜெயந்த். கல்லூரி விழாவுக்கு மைக் கட்டப் போன இடத்தில் பழகி, மாப்ள மாப்ள என்று தோளில் கை போட்டுத் திரிந்தவர்கள். ஆளுக்கொரு பொட்டலம் கஞ்சா, வெற்றிலையில் வைத்து மடிக்கிற அளவு. ஸ்டேஷனில் "உங்கப்பா யார்றா?" என்று கேட்டார்கள். அதற்குப் பிறகு எல்லாமே வேறு வேறாகப் போயிற்று. ஜெயந்தை அவன் அப்பா அன்றைக்கே கூட்டிப்போனார். இரண்டு பொட்டலமும் அழகுபாண்டியின் பையில் இருந்ததாகவும் விற்க வைத்திருந்ததாகவும் எழுதினார்கள். மறுநாள் பேப்பரில் அவன் படம் வந்தது, கஞ்சா விற்ற வாலிபர் என்று.

ஜெயந்த் இப்போது அழகர்கோவில் சாலையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் இருந்தான். காலையில் யோகா, சாயங்காலம் இறகுப்பந்து. ஞாயிறு தவறாமல் அவன் அம்மா ராஜஸ்ரீ தூக்குச்சட்டியில் சேவையும் மோர்க்குழம்பும் கொண்டுபோனாள். மையத்துக்கு ஸ்பீக்கர் மாட்டப் போன நாளில் கருத்தக்கண்ணன் இதையெல்லாம் கண்ணால் பார்த்தான். பையன் கொஞ்சம் சதை போட்டிருந்தான். "அங்கிள், பாண்டி எப்படி இருக்கான்?" என்று ஓடிவந்து கேட்டான். நல்ல பையன்தான். ஆனாலும் அந்தக் கன்னத்துச் சதையைப் பார்க்கையில் கருத்தக்கண்ணனுக்கு அறையத் தோன்றியது. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா?

அழகுபாண்டிக்குக் கோர்ட்டு ஜாமீன் கொடுத்துவிட்டது. அதுதான் கொடுமை. ஜாமீன் கிடைத்தும் உள்ளேயே கிடந்தான். சொத்துள்ள இரண்டு பேர் வந்து பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவருக்காவது டவுனில் சொந்த வீடு இருக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னார். செல்லம்பட்டிப் பக்கம் காடு வைத்திருந்த மச்சினன் மலைச்சாமி ஒத்துக்கொண்டான். டவுனில் வீடு உள்ள ஒரே சொந்தக்காரன் பாண்டிராஜ்.

"கொலக் கேசுன்னாக்கூட நெஞ்ச நிமித்திக்கிட்டு வாரேன் மாப்ள. இது கஞ்சாக் கேசுல்ல. பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று அவன் கையை விரித்துவிட்டான். டவுனில் வீடுள்ள தெரிந்தவர்களில் மிச்சம் இருந்தது ஸ்ரீராம்குமார் ஒருவர்தான்.

இறைவணக்கம் முடிந்தது. கருத்தக்கண்ணன் வெளிக்குழாயை அமர்த்தினான். நடுவர் பிச்சுமணி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நகைச்சுவை சொல்லிச் சபையைச் சூடேற்றினார். கடைசி வரிசையில் கருத்தக்கண்ணனின் மனைவி ஜெயக்கொடி வந்து உட்கார்ந்தாள். அவள் வாய் எதையோ முணுமுணுத்தபடி இருந்தது.

தண்டனை அணிக்கு மாதங்கி டீச்சர் பேசினாள். "என் வகுப்பில் நன்றாகப் படித்த ஒரு பையன் இன்று யாரைப் பார்த்தாலும் கை நீட்டுகிறான். சின்னப் பொட்டலம்தானே என்று விட்டால், நாளைக்கு அதை விற்கிறவனும் 'எனக்குத்தான் வைத்திருக்கிறேன்' என்பானே, என்ன செய்வீர்கள்?" என்றாள். கைதட்டல் விழுந்தது. ஜெயக்கொடி தலை குனிந்துகொண்டாள்.

பிறகு ஸ்ரீராம்குமார் எழுந்தார். மைக்கைப் பிடித்து ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். அவருக்கு அந்த வித்தை தெரியும்.

"அவையோரே, நான் ஊரார் வீட்டுக் கதை சொல்ல வரவில்லை. என் மகன் ஜெயந்த். என் ஒரே மகன். ஒருநாள் காவல் நிலையத்திலிருந்து எனக்கு ஒரு போன் வந்தது."

மண்டபம் கப்பென்று அடங்கியது.

கருத்தக்கண்ணனுக்கு முதலில் திகைப்பு. பிறகு உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்தது. 'அடேயப்பா, சொல்லியே விட்டானா! எம்மவன் மூஞ்சி பேப்பர்ல வந்துச்சு. டீக்கடையில வடை மடிச்சுக் குடுத்தாய்ங்க அந்தப் பேப்பர்ல. குழாயடியில எம்பொண்டாட்டி கொடத்த வச்சா மத்தவளுக நகர்ந்து போறாளுக. இவன் மவன் கதை மட்டும் நாலு சொவத்துக்குள்ளயே இருக்கணுமா?' பொறாமைதான். வேறு பேர் வைத்து அதை மழுப்ப முடியாது. கை தானாகப் போய் வெளிக்குழாயின் சுவிட்சைப் போட்டது.

வேப்பமரத்துக் குழாய் இரண்டும் ஸ்ரீராம்குமாரின் குரலில் அலற ஆரம்பித்தன. 'என் மகனிடம் கஞ்சா இருந்தது' என்று தெருவுக்கே கேட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பினார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் சீட்டில் தூசி தட்டிக்கொண்டிருந்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள். பூக்காரி முனியாயி கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். சிரிங்கடா, நல்லாச் சிரிங்க என்று கருத்தக்கண்ணன் அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"அவன் குற்றவாளியா? நோயாளியா? காய்ச்சல் வந்த பிள்ளையைக் கம்பிக்குள் தள்ளுவீர்களா?" ஸ்ரீராம்குமாரின் குரல் உடைந்தது. உடைந்ததும் அழகாகக் கேட்டது, அதற்கும் சேர்த்துத்தான் கருத்தக்கண்ணன் குமிழைத் திருகி வைத்திருந்தான்.

"பெத்த மனசு எம்புட்டுப் பாடுபட்டிருக்கும்! சபையில நின்னு சொல்றதுக்கு ஒரு தைரியம் வேணும்யா. தங்கமான மனுசன்" என்றாள் முனியாயி. இதே முனியாயிதான் போன மாதம் ஜெயக்கொடிக்குப் பூ அளக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டவள். ஆட்டோக்காரர் ஒருவர் கைலி நுனியால் கண்ணை ஒற்றிக்கொண்டார். உள்ளே வரச் சொல்லி யாரோ அவருக்கு நாற்காலி போட்டார்கள்.

கருத்தக்கண்ணனுக்கு நெஞ்சு கொதித்தது. அதே ஆறு, அதே பாலம், அதே பொட்டலம். அவன் மகன் வைத்திருந்தால் திமிர், இவர் மகன் வைத்திருந்தால் காய்ச்சலா? சரி, கூட இருந்த பையனைப் பற்றியும் இப்போது சொல்லுவார், அந்தப் பையன் இன்னும் உள்ளே கிடக்கிறான் என்று ஒரு வார்த்தையாவது சொல்லுவார் என்று காத்திருந்தான்.

சொன்னார். "சேரக்கூடாத சகவாசம்! படிப்பில்லாமல், பொறுப்பில்லாமல் வீதியில் திரிகிற சகவாசம் என் பிள்ளையை அந்தப் பாலத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தியது!"

குழாய் அதையும் தெருவுக்குச் சொன்னது. கருத்தக்கண்ணன் பாய்ந்து சுவிட்சை அமர்த்தினான். அதற்குள் சொல்ல வேண்டியதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. "ஆமா, கூடச் சேருற காவாலிப் பயலுகளாலதான் எல்லாங் கெடுது" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. பேச்சு முடிந்து மண்டபமே எழுந்து நின்று தட்டியது. ஜெயக்கொடியும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டினாள். அவள் எதற்குத் தட்டினாள் என்று அவனுக்குத் தெரியும். மேடையில் நிற்கிறவர் தன் பிள்ளைக்கும் சேர்த்துப் பேசியதாக அவள் நம்பினாள்.

பிச்சுமணி தீர்ப்பு சொன்னார். "தேவை தண்டனை அல்ல, சிகிச்சையே! சிகிச்சையே!" ஸ்ரீராம்குமாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

காரில் ஏறப்போனவரைக் கருத்தக்கண்ணன் மறித்தான். ஜெயக்கொடி இரண்டடி தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கருத்தக்கண்ணன்! வெளிக்குழாயையும் போட்டீங்களாமே. தெருவே நின்னு கேட்டுதாம். சூரியபிரகாஷ் கோவப்பட்டார், நான்தான் விடுங்கன்னேன். ரொம்ப சந்தோஷம்" என்று அவன் தோளைத் தட்டினார்.

"சார், கையெழுத்து... நாளைக்குக் கோர்ட்டுக்கு வந்தீகன்னா..."

அவர் பொன்னாடையை மடித்தார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. ராஜஸ்ரீ வேண்டவே வேண்டாங்கறா. கேஸ் கட்டுல ஜெயந்த் பேரே இல்ல. நான் போய் நின்னா, நீங்க யாரு, இந்தப் பையனை எப்படித் தெரியும்னு கேட்பாங்க. இல்லாத பேரை நானே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆயிடும்."

"இப்பத்தான சார் ஊருக்கே சொன்னீக?"

"அது மேடைங்க. இது கோர்ட்டு." காரின் கதவைத் திறந்தவர், ஏதாவது நல்லது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, திரும்பினார். "பையன் வெளியில வந்ததும் சொல்லுங்க. அந்த சென்டர்ல நான் பேசறேன். அருமையான இடம்."

கார் போயிற்று. ஜெயக்கொடி அது போன திசையையே பார்த்தாள்.

"அவரு கையெழுத்துப் போட்டாத்தான புள்ள வெளிய வரும்? வெளிய வந்தாச் சொல்லுங்கன்னா?" என்றாள்.

கருத்தக்கண்ணன் ஏணியைச் சாத்தி மரத்தில் ஏறிக் குழாயைக் கழற்றினான். ஏணியைப் பிடித்துக்கொள்ள அவள்தான் நின்றாள். "நானும் பட்டுச் சட்டை போட்டுக்கிட்டு மேடையில ஏறத் தெரிஞ்சிருந்தா எம்மவனுக்கும் காச்சலுன்னுருப்பேன்டி" என்று மேலிருந்து சொன்னான். அவள் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் ஜெயிலில் மனுப் போட்டுவிட்டு, மகனைப் பார்க்கக் காத்திருந்தார்கள். பெயர் கூப்பிட்டதும் கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே ஓட வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, அந்தப் பக்கம் ஒரு கம்பிவலை, நடுவில் ஆள் நடக்கிற இடைவெளி. வலையைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஊருக்கெல்லாம் மைக் கட்டுகிறவன் தொண்டை கிழியக் கத்தியும் அவன் குரல் அந்த இரைச்சலில் அமுங்கியது.

அழகுபாண்டி மெலிந்திருந்தான். தாடை எலும்பு தெரிந்தது. அவன் வயசுப் பையன்கள் நாலைந்து பேர் அவனை ஒட்டி நின்றார்கள். அவர்களைப் பார்க்க அன்றைக்கு யாரும் வரவில்லை போலும்.

"ஜெயந்த் நல்லா இருக்கானாப்பா?"

அந்தக் கேள்வி கருத்தக்கண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "இருக்கான், இருக்கான். அவனுக்கென்ன?"

"அவங்கப்பா பட்டிமன்றம் பேசுனாரா? நம்ம கேசு மாதிரிதான தலைப்புன்னு சொன்னீக. பயலுக கிட்டயெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். யாருப்பா செயிச்சா?"

ஜெயக்கொடி புருஷன் முகத்தைப் பார்த்தாள். கையெழுத்து விஷயத்தைச் சொல்லத்தான் அவன் வாயைத் திறந்தான். மகன் காதைக் கையால் குவித்துக்கொண்டு வலையில் சாய்ந்து நின்ற நிலையைப் பார்த்ததும் அது வரவில்லை.

"நம்ம பக்கந்தான்டா!" என்று கத்தினான்.

"என்னது?"

"நம்ம பக்கம்! நம்ம பக்கந்தான் செயிச்சது! செயிலு வேணாம்னு சொல்லிட்டாகடா!"

அழகுபாண்டியின் முகம் மலர்ந்தது. திரும்பிப் பக்கத்தில் நின்ற பையன்களிடம் அதைச் சொன்னான். அவர்கள் வலைக்குப் பின்னால் நின்று கைதட்டினார்கள்.